ஆற்றில் இறங்குவோர்க்கு ஓர் ஊன்றுகோல்

சான்றோர் சொல்லின் அருமையை உணர்த்த எண்ணிய திருவள்ளுவர், அதற்கு உவமையாகத் தேர்ந்தெடுத்தது ஓர் ஊன்றுகோலை. வழுக்கும் இடத்தில் அது செய்யும் உதவியை அவர் காலத்து மக்கள் யாவரும் நன்கு அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். அவ்வுவமையைப் பள்ளியில் மனனம் செய்த நம்மிற் பலர், பின்னாளில் ஊன்றுகோலை முதுமையின் அடையாளமாகக் கருதி ஒதுக்கிவிட்டோம். வடபுலத்து மலையாறு ஒன்றில் தூண்டிலோடு இறங்கி நிற்கும்போதுதான் அதன் அருமை மீண்டும் நமக்குப் புலனாகிறது. ஆற்றில் இறங்கி மீன் பிடிப்போர் கையில் இருக்க வேண்டிய ஊன்றுகோலை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு நாமே செய்துகொள்வது, எவ்வாறு பயன்படுத்துவது என்பவற்றை இங்கே காண்போம்.

தில்லி, சண்டிகர், லூதியானா முதலிய நகரங்களில் பணி நிமித்தம் குடியேறி வாழும் தமிழர் பலர், விடுமுறை நாட்களில் குலு, காங்க்ரா, காஷ்மீர், குமாவூன் முதலிய மலைப்பகுதிகளுக்குச் சென்று வருகின்றனர். அவர்களுள் தூண்டிற்கலையில் நாட்டம் உடையோரும் உளர். அவர்களை ஈர்க்கும் மீன்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, இமயத்து அடிவார ஆறுகளில் வாழும் மகாசீர். மற்றொன்று, வெளிநாட்டிலிருந்து கொணரப்பெற்ற டிரவுட். ஸ்காட்லாந்திலிருந்து வந்த டிரவுட் முட்டைகள் 1900ஆம் ஆண்டில் காஷ்மீரத்தில் பொரிக்கப்பட்டன. அங்கிருந்து 1909இல் அம்மீன் குலுப் பள்ளத்தாக்கை அடைந்தது. இன்று பியாஸ் ஆற்றிலும், அதனோடு கலக்கும் தீர்த்தன் முதலிய சிற்றாறுகளிலும் அது தானே இனம் பெருக்கி வாழ்கிறது.

டிரவுட், குளிர்ந்து விரைந்தோடும் நீரையே விரும்பும் மீன். நடு ஆற்றில் கிடக்கும் பெரும் பாறைகளின் மறைவில், நீரோட்டத்தை எதிர்நோக்கி, இரை மிதந்து வரும்வரை அது காத்து நிற்கும். கரையிலோ தேவதாருவும் ஆல்டர் மரமும் கிளை தாழ்த்தி நிற்பதால், தூண்டில் நூலை வீசுதற்கு இடமிராது. ஆகவே மீன் இருக்கும் இடத்தை எட்ட விரும்புவோர் ஆற்றினுள் இறங்கியே ஆகவேண்டும். இறங்கிய அக்கணமே, மீன் பிடிக்கும் கலை இரண்டாவது கலையாகிறது; ஓடும் நீரில் நிலைகுலையாது நிற்பதே முதற்கலையாகிறது.

தென்னாட்டு ஆற்றங்கரைகளில் வளர்ந்த நமக்கு இங்கு ஒரு தனி இடையூறு உண்டு. காவிரி, தாமிரபரணி, வைகை முதலியவற்றின் சமவெளித் துறைகளில் நம் பாதம் பழகியது பெரும்பாலும் மணல். அடி வைத்தால் மணல் சற்றே உள்வாங்கிப் பாதத்தைத் தாங்கிக்கொள்ளும். கோடையில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். எனவே ஆறு என்றால் அச்சம் அற்றவர்களாகவே நாம் வளர்கிறோம். இமயத்து ஆற்றின் படுகையோ, தலையளவும் பானையளவுமான உருளைக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் படுகை. அவற்றின் மேற் படிந்த மெல்லிய பாசி, எண்ணெய் பூசியது போல வழுக்கும். பனியுருகிய நீர் சில நிமிடங்களிலேயே பாதத்தின் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும். பாதம் உணராவிடில், கல் அசைவதை அறிவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் நாங்கள் நால்வர் தீர்த்தன் ஆற்றுக்குச் சென்றிருந்தோம். எங்களுள் ஒருவர் தாமிரபரணிக் கரையிற் பிறந்தவர், தேர்ந்த நீச்சற்காரர். வழிகாட்டியாக வந்த கிராமத்துப் பெரியவர் ஆளுக்கொரு மூங்கிற் கழியை நீட்டியபோது, நண்பர் நகைத்து மறுத்துவிட்டார். தொடையளவுகூட இல்லாத நீர். அடித்தளமோ கண்ணாடி போலத் தெரிந்தது. பத்தடி தூரம் சென்றிருப்பார். காலடியில் ஒரு கல் புரண்டது. அடுத்த நொடியில் அவர் நீரோடு போய்க்கொண்டிருந்தார். அங்கே நீச்சல் ஒன்றுக்கும் உதவவில்லை. கையை வீசவே இடமின்றிப் பாறைகளில் மோதினார். இருபது கஜம் கீழே பெரியவர் ஓடிச்சென்று நீட்டிய கழியைப் பற்றியே அவர் கரையேறினார். முழங்கால் எலும்பில் கீறல், தூண்டிற்கோல் போயிற்று. அன்று மாலை பெரியவர் அவரைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாட் காலை அதே கழியை அவர் படுக்கையருகே சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அதன்பின் எங்களுள் எவரும் கோலின்றி ஆற்றில் இறங்கியதில்லை.

தொடையளவு நீர் ஒரு நீச்சற்காரரை எவ்வாறு வீழ்த்திற்று என்பதை ஆராய்தல் வேண்டும். ஓடும் நீர் நம் கால்களைத் தள்ளும் விசை, அதன் வேகத்தோடு நேராக உயர்வதில்லை. வேகத்தின் வர்க்கமாக உயர்கிறது. 60 சென்டிமீட்டர் ஆழத்தில், வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் இரு கால்கள் மீதும் செலுத்தும் விசை, ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ எடைக்குச் சமம். அதே ஆழத்தில் வேகம் இரு மடங்கானால், விசை நான்கு மடங்காகி, 35 கிலோவை ஒட்டி நிற்கும். ஓர் அரிசி மூட்டையைப் பக்கவாட்டில் நம் கால்மீது சாய்த்தாற் போன்றது அது. மேலும், ஆழம் மிகுந்தோறும் நீர் நம்மைத் தூக்குகிறது. இடுப்பளவு நீரில் பாதத்தின் மேல் இறங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். எடை குறைந்தால் தரையைப் பற்றும் பிடிப்பும் குறையும். தள்ளும் விசை கூடக்கூடத் தாங்கும் பிடிப்பு குறைவதே ஆற்றின் சூழ்ச்சி.

இச்சூழ்ச்சிக்கு மாற்று, மூன்றாவது கால். இரு காலில் நிற்பவன் ஓரடி பெயர்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறான். கோல் ஊன்றியவனோ அப்போதும் இரண்டு இடங்களில் ஊன்றி நிற்கிறான். பெயர்த்த காலை வைத்தவுடன் முக்காலி போல உறுதி பெறுகிறான். கரடுமுரடான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்பதை நம் வீட்டுத் திண்ணையிலேயே கண்டிருக்கிறோம். இஃதன்றிக் கோலுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. கால் செல்லுமுன் அது சென்று, முன்னே இருப்பது கல்லா, குழியா, சேறா என்று தொட்டறிந்து சொல்கிறது. மரத்த பாதம் உணராததைக் கையில் உள்ள கோல் உணர்த்துகிறது.

இனி, கோலின் இலக்கணத்தைக் காண்போம். முதலாவது நீளம். வீதியில் நடப்போர் கைத்தடி இடுப்பளவே இருக்கும். அது ஆற்றுக்கு உதவாது. ஏனெனில், கோலின் நுனி பெரும்பாலும் நம் பாதத்தைவிடத் தாழ்ந்த பள்ளத்திற் சென்று தங்கும். குட்டையான கோலை ஊன்றக் குனிந்தால் உடல் நிலை தவறும். ஆற்றில் அணியும் காலணியோடு சமதரையில் நிமிர்ந்து நின்று, அக்குளை எட்டும் அளவாகக் கோலை அமைத்தல் நன்று. 168 சென்டிமீட்டர் உயரமுடைய ஒருவர்க்கு ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் கோல் பொருந்தும். அதனினும் நெடிய கோல், தூண்டில் நூலோடு சிக்கிக்கொள்ளும். கையை உயர்த்திப் பிடிப்பதால் ஊன்றும் வலுவும் குன்றும்.

இரண்டாவது, பருமனும் உறுதியும். கோல் நம் முழு எடையையும் ஒரு நொடியில் தாங்க வேண்டியது. எனினும் மிகப் பருத்த கோல் நீரின் தள்ளுதலுக்கு அதிக இடந்தந்து, கையில் அதிரத் தொடங்கும். மூங்கிலாயின் 3 சென்டிமீட்டர் குறுக்களவும், வைரம் பாய்ந்த மரமாயின் இரண்டரை சென்டிமீட்டரும் போதுமானவை. எடை அரைக் கிலோவிலிருந்து முக்காற் கிலோவுக்குள் அடங்கினால், நாள் முழுவதும் இடக்கையிற் பிடித்திருந்தாலும் களைப்புத் தோன்றாது.

மூன்றாவது, பொருள். நம் நாட்டில் இதற்குக் கல்மூங்கிலை விஞ்சியது இல்லை என்றே கூறலாம். தமிழ்நாட்டில் சிலம்பக்கழிக்கும், வடநாட்டில் லத்திக்கும் பயன்படுவது இவ்வகை மூங்கிலே. இதன் உட்துளை மிகச் சிறியது; அடிப்பகுதியில் சில வேளை துளையே இராது. வடநாட்டு நகரங்களின் பழைய கடைத்தெருக்களில் எண்ணெய் ஊட்டிய லத்திகள் இன்றும் விற்கின்றன. அத்தகைய ஒன்றை வாங்கி, மெல்லிய மேற்பகுதியை அறுத்து நீக்கி, அடிப்பகுதியை நமக்கு வேண்டிய நீளத்திற்கு வைத்துக்கொண்டால், வேலையிற் பாதி முடிந்தது. கணுக்கள் நெருங்கி அமைந்ததையே தேர்க. நெடுக வெடிப்பு ஓடியதையும், சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்வதையும் விலக்குக. பின்னது உளுத்துப்போனதன் அடையாளம். மலைநாட்டில் கூடை முடையப் பயன்படும் ரிங்கால் என்னும் மெல்லிய மூங்கில் பார்வைக்கு அழகியது. ஆயின் ஆளைத் தாங்கும் வலு அதற்கில்லை.

மூங்கில் கிடையாதவிடத்து மரத்தை நாடலாம். பஞ்சாபில் ஹாக்கி மட்டைகள் செய்யப் பயன்படும் மல்பெரி மரம், வளைந்து கொடுக்குமேயன்றி எளிதில் முறியாது. எம்மரமாயினும், அதன் இழை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நேராக ஓடுதல் வேண்டும். இழை குறுக்கே வெட்டுண்ட கோல், பார்வைக்கு எவ்வளவு வழவழப்பாயிருப்பினும், அவ்விடத்திலேயே முறியும். முடிச்சுகள் மலிந்த பைன் மரக்கிளையை அவசரத்திற்கு ஒடித்துக்கொள்வது பலரது வழக்கம்; முடிச்சு உள்ள இடமே முறியும் இடம் என்பதை அவர்கள் நினைவிற் கொள்க.

கடைகளில் அலுமினியக் குழாய்களால் ஆகிய மடக்குக் கோல்களும் கிடைக்கின்றன. எடை குறைவு, பையில் அடங்கும் என்பன அவற்றின் சிறப்புகள். ஆனால் முறுக்கி இறுக்கும் அமைப்புடையவற்றில் மணல் புகுந்தால், நாம் சாயும் வேளையிலேயே ஒரு குழாய் மற்றொன்றினுள் சறுக்கி இறங்கிவிடக் கூடும். பொத்தான் வெளியே வந்து பூட்டிக்கொள்ளும் அமைப்பு இதனினும் நம்பத்தக்கது. எவ்வகையாயினும், ஆற்றிலிருந்து வந்ததும் பகுதி பகுதியாகப் பிரித்துக் கழுவி உலர்த்துதல் வேண்டும். இன்றேல் மூட்டுகள் இறுகிப்போகும்.

நாமே கோல் செய்யும் முறை கடினமானதன்று. பச்சை மூங்கில் கிடைக்குமாயின், மூன்றாண்டுக்கு மேல் முதிர்ந்ததையே கொள்க. இளையது உலரும்போது சுருங்கி வலுவிழக்கும். மழைக்காலம் கழிந்தபின் வெட்டியது பூச்சிக்கு எளிதில் இரையாகாது. வெட்டிய கழியைச் சில வாரம் ஓடும் நீரில் ஊறவைத்தால், பூச்சியை ஈர்க்கும் மாவுச்சத்து கரைந்து நீங்கும் என்பது நம் முன்னோர் கண்ட முறை. பின்னர் நிழலில், சுவரோரமாகச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் உலர்த்துக. வெயிலில் உலர்த்தினால் வெடிக்கும். வளைவு இருப்பின், அவ்விடத்தைத் தணலின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டிச் சூடேற்றி, முழங்காலில் வைத்து மெல்ல நிமிர்த்தி, ஈரத்துணியால் குளிர்வித்தால் நேராக நிற்கும். கணுக்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, ஆளிவிதை எண்ணெயை நாளுக்கு ஒருமுறையாக மூன்று நான்கு முறை பூசி உலரவிடுக. எண்ணெய் ஊறிய கோலில் நீர் எளிதில் ஏறாது.

அடுத்து, அடிப்பூண். வேர்ப்பக்கத்துத் தடித்த முனையே கீழே இருத்தல் வேண்டும். அம்முனையில் துளை இருப்பின், உலர்ந்த வன்மரத்தால் ஒரு முளை செதுக்கி, எபாக்சிப் பசை தடவி இறுக்கி அடைக்க. வெளியே, குழாய்ப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் இரும்பு அல்லது பித்தளைக் குழாயில் 6 சென்டிமீட்டர் துண்டு ஒன்றைப் பூணாக மாட்டுக. பூண் மூங்கில் பிளவாது காப்பதோடு, கோலின் அடிக்குச் சற்றுப் பாரமும் தருகிறது. பாரமற்ற கோலின் முனையை நீரோட்டம் தூக்கி மிதக்கவிடும். நாம் ஊன்ற எண்ணிய இடத்தில் அது நில்லாது. மூங்கிலில் நேரடியாக ஆணி அறைதல் ஆகாது, பிளந்துவிடும். துளை வேண்டுமாயின் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இட்டுக்கொள்க.

பூணின் நுனி எஃகாக இருக்க வேண்டுமா, ரப்பராக இருக்க வேண்டுமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. எஃகு முனை பாசி படிந்த கல்லையும் துளைத்துப் பற்றும்; ஆனால் கல்லில் மோதும் ஓசை நீரில் விரைந்து பரவி, மீனை வெருட்டும். ரப்பர் முனை ஓசையின்றிப் பதியும், பாசியிலோ வழுக்கும். மருந்துக் கடைகளில் கக்கக்கோலுக்கென விற்கும் ரப்பர்க் குப்பி இதற்குப் பொருந்தும். சேறு அதனைக் கழற்றிக்கொள்ளாதவாறு பசையிட்டு, வளையம் கொண்டு இறுக்குதல் வேண்டும். புதிதாக ஆற்றில் இறங்குவோர்க்கு நாம் கூறுவது இதுவே: மீன் ஓடினால் மற்றொரு மீன் வரும், கால் வழுக்கினால் மறுவாய்ப்பு வாராமலும் போகலாம். ஆகவே முதலில் எஃகு முனையையே கைக்கொள்க.

கைப்பிடி ஒரு குமிழாக இராமல், மேலிருந்து ஒரு முழ நீளத்திற்குப் பருத்திக் கயிறு சுற்றியதாகவோ, பழைய சைக்கிள் டியூப் உறையிட்டதாகவோ இருத்தல் நன்று. ஆழத்திற்கேற்பக் கையை ஏற்றி இறக்கிப் பிடிக்க இது உதவும். பின்னர், கோலை உடலோடு ஒட்ட நிறுத்தி, முழங்கால், நடுத்தொடை, தொப்புள் ஆகிய மூன்று உயரங்களில் வெள்ளை வண்ணத்தால் மூன்று வளையங்கள் தீட்டுக. கோலை முன்னே ஊன்றியதும், நீர் எந்த வளையத்தைத் தொடுகிறதோ அதுவே அடுத்த அடியின் ஆழம். தெளிந்த நீர் எப்போதும் உள்ளதைவிட ஆழம் குறைந்தது போலக் கண்ணுக்குத் தோன்றும். வளையங்கள் பொய் சொல்வதில்லை.

தூண்டிலை வீசும்போது இரு கைகளும் தேவைப்படும். அப்போது கோல் நீரோடு போய்விடாதிருக்க, அதனை ஒரு மீட்டர் நீளமுள்ள கயிற்றால் இடுப்புக் கச்சையில் பிணைத்துக்கொள்வது வழக்கம். இங்கேயே ஓர் எச்சரிக்கை. கோலின் முனை இரு பாறைகளுக்கிடையே சிக்கி, நாம் நிலை தவறி விழுந்தால், அக்கயிறே நம்மை வெள்ளத்தில் கட்டிவைக்கும் தளையாகும். ஆகையால் ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சையே இடுக. மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளுதல் ஒருபோதும் கூடாது.

கோல் ஆயத்தமானதும், கரையிலேயே அதனைச் சோதித்துவிடுதல் வேண்டும். புல்தரையில் முனையைச் சாய்வாக ஊன்றி, உடலின் முழு எடையையும் படிப்படியாக அதன் மேல் சாய்த்துப் பார்க்க. சிறு முறிவொலி கேட்டாலும் அக்கோலைக் கொடிப்பந்தலுக்கு அனுப்பிவிடுக. ஆண்டுதோறும் பருவத்தின் தொடக்கத்தில் இச்சோதனையை மீண்டும் செய்தல் நன்று.

இனி, பயன்படுத்தும் முறை. ஆற்றைக் குறுக்கே கடக்கும்போது, நீர் வரும் திசையை நோக்கி நின்று, கோலை நமக்கு முன்னே, நீரோட்டத்தின் எதிர்த்திசையில் ஊன்றி, அதன்மேல் சற்றே சாய்ந்து, பக்கவாட்டில் நகர்தல் வேண்டும். கோலும் இரு கால்களுமாகிய மூன்றில் எப்போதும் இரண்டு ஊன்றியிருக்க, ஒன்று மட்டுமே பெயர வேண்டும். காலைத் தூக்கி வையாமல், கற்களுக்கிடையே உரசி நகர்த்துக. காலோடு காலைப் பின்னலாகாது. கல்லின் மேல் ஏறி நிற்பதைவிடக் கற்களுக்கு இடையே பாதம் பதிப்பது மேல். திரும்பிவர நேர்ந்தால், முதுகை நீருக்குக் காட்டாமல், நீரை எதிர்நோக்கியவாறே திரும்புக.

கோல் எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கும் எல்லை உண்டு. ஆற்று நீரை அளக்கும் பணியாளர்களிடையே வழங்கும் விதி ஒன்றைச் சுற்றுக்கணக்காகச் சொல்வோம். ஆழத்தை மீட்டரிலும், வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் கணக்கிட்டுப் பெருக்கினால் வரும் தொகை 1-ஐ நெருங்குமானால் நீரில் இறங்கலாகாது என்பது அது. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். நம்மனோர் அதன் பாதியிலேயே நின்றுவிடுதல் அறிவுடைமை. வேகத்தை அறிய, கரையோரமாகப் பத்து மீட்டர் அளந்து, ஒரு சுள்ளியை நீரில் இட்டு, அது கடக்கும் வினாடிகளை எண்ணுக. பத்து வினாடியாயின் வேகம் 1 மீட்டர்; அப்போது அரை மீட்டர் ஆழம், அதாவது முழங்காலுக்குச் சற்று மேல், நம் எல்லை. ஐந்து வினாடியாயின் முழங்கால் நனைவதும் மிகையே.

காலமும் கருதற்பாலது. பனியுருகி வரும் ஆறுகளில், விடியற்காலையில் நீர் குறைந்தும், பகலின் வெப்பத்தால் உருகிய நீர் வந்து சேரும் பிற்பகலிலும் மாலையிலும் மிகுந்தும் இருக்கும். காலையில் எளிதாகக் கடந்த துறையை மாலையில் கடக்க இயலாமல், அக்கரையில் அகப்பட்டுக்கொள்வோர் உண்டு. இறங்குமுன் நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை அதனைத் திரும்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்க.

இவற்றினும் கொடியது, அணையிலிருந்து திறக்கப்படும் நீர். 2014ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று, மண்டி மாவட்டத்துத் தலோட் அருகே, பியாஸ் ஆற்றுப் பாறைகளின் மேல் நின்றுகொண்டிருந்த சுற்றுலா மாணவர்களுள் 24 பேரும் உடன் வந்த ஒருவரும், மேலேயிருந்த லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். அவர்கள் ஐதராபாத்திலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலவே அவ்வாற்றுக்குப் புதியவர்கள். நிமிடங்களில் உயரும் அத்தகைய நீருக்கு முன் எக்கோலும் நில்லாது. ஆகவே அணைக்குக் கீழுள்ள ஆற்றில், ஊராரை உசாவாமல் இறங்கலாகாது. சங்கொலி கேட்டாலும், தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிகுந்து மிதந்து வந்தாலும், தூண்டிலில் மீன் அகப்பட்டிருப்பினும் நூலை அறுத்துவிட்டுக் கரையேறுக.

எல்லாக் காப்பும் மீறி விழ நேர்ந்தால் செய்ய வேண்டுவன சில. தூண்டிற்கோலைக் கைவிடுக, கயிற்றின் முடிச்சை இழுத்து அவிழ்க்க. மல்லாந்து, கால்கள் நீர் செல்லும் திசையை நோக்க, பாதங்களை மேலே உயர்த்தி மிதந்து செல்க. அப்போது பாறைகளைக் காலால் உதைத்துத் தள்ளலாம். விரைந்தோடும் நீரில் எழுந்து நிற்க முயலலாகாது. பாதம் கற்களிடையே சிக்கினால் நீர் நம்மைக் குப்புற வீழ்த்தி அமிழ்த்திவிடும். வேகம் தணிந்த இடம் வந்ததும் கரை நோக்கிச் சாய்வாக நீந்துக. தனியே செல்லாது துணையோடு செல்லுதலும், இடுப்பின் மேல் கச்சையை இறுகக் கட்டியிருத்தலும் வேண்டும். கச்சை, நீர்க்காற்சட்டையினுள் நீர் பெருகுவதைத் தடுக்கும்.

செல்லும் மாநிலத்து மீன்வளத் துறையினரிடம் உரிமச்சீட்டுப் பெற்றே தூண்டில் இட வேண்டும். மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் தடை உண்டு. இமாசலத்தில் டிரவுட்டுக்கு நவம்பர் முதல் குளிர்காலம் முழுவதும் அத்தடை நிலவும். அத்திங்கள்களே கோல் செய்வதற்கு உகந்த காலம். வெளியே பனி பெய்ய, வீட்டு முற்றத்தில் உப்புத்தாளும் எண்ணெயுமாக அமர்ந்து, பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு ஒரு கோலைச் செய்து முடிப்பது இனிய பொழுதுபோக்கேயாகும்.

எங்கள் நண்பர் இன்றும் ஆண்டுதோறும் எங்களோடு தீர்த்தனுக்கு வருகிறார். அவர் கையில் இருப்பது அந்தப் பெரியவர் சாய்த்து வைத்துச் சென்ற அதே மூங்கிற் கழி; இப்போது அதற்குப் பூணும் மூன்று வெள்ளை வளையங்களும் ஏறியுள்ளன. சென்ற முறை, நல்ல மீன் ஒன்று துள்ளிய மடுவை நோக்கி நடந்தவர், இரண்டாம் வளையம் நனைந்ததைக் கண்டதும் நின்றார். சிறிது நேரம் அம்மடுவையே பார்த்திருந்தார். பின்னர் நீரை எதிர்நோக்கியவாறே மெல்லத் திரும்பிக் கரைக்கு வந்து சேர்ந்தார்.